கொழும்பு வெக்கையில் கடிதத்துக்கு அரக்கு முத்திரை

கேள்வியில் மூன்று முறைப்பாடுகள் இருக்கின்றன. வெள்ளவத்தையிலிருந்து கைப்பட எழுதி அனுப்பும் கடிதங்களுக்கு மெழுகுதிரியை உருக்கி முத்திரை வைத்தால் உறையில் எண்ணெய் ஊறுகிறது. கடையில் வாங்கிய சிவப்புக் குச்சியை உருக்கி வைத்தால், பித்தளை அச்சைத் தூக்கும்போது அரக்கும் கூடவே வருகிறது. ஒருவாறு சரியாக விழுந்த முத்திரையும் ரொறன்ரோ போய்ச் சேரும்போது நொறுங்கிக் கிடக்கிறது. எந்த அரக்கை வாங்குவது, எப்படி வைப்பது?

முதலாவது பொருளின் பிழை. இரண்டாவது நம் காலநிலையின் வேலை. மூன்றாவது தபாலில் நடப்பது தெரியாததால் வருவது. காணொளிகளில் காட்டும் முறை பெரும்பாலும் குளிர்நாட்டு மேசையில் செய்து பார்த்த முறை. அங்கே அறை 20 பாகை, காற்று உலர்ந்தது. இங்கே பகலில் அறை 30 பாகையை ஒட்டி நிற்கும். ஈரப்பதன் 75, 80 வீதம். அரக்கு இறுகும் நேரம், அச்சைக் குளிர்விக்கும் விதம், முத்திரையைக் காப்பாற்றும் விதம் என்று பலதும் அதனால் மாறுகின்றன.

மெழுகுதிரியை முதலில் விட்டுவிடுங்கள். அது பரபின் மெழுகு. உருகியதும் தண்ணீர்போல் ஓடித் தாளின் நாருக்குள் இறங்கும். அதுதான் அந்த எண்ணெய் வட்டம். இறுகினாலும் தாளைப் பிடிக்காது, நகத்தால் தட்டினால் சில்லாகக் கழன்றுவிடும். பிள்ளைகளின் கிரேயோன் துண்டுகளைச் சேர்த்து நிறம் கொடுத்தாலும் கதை அதேதான். முத்திரை அரக்கின் உடம்பு பிசின். உருகினாலும் தேன் பதத்துக்குக் கீழே இளகாது, தாளின் மேலேயே குவிந்து நிற்கும், தாளை இறுகப் பற்றும்.

கடையில் கிடைப்பவை இரண்டு இனம். இரண்டையும் கலந்து குழம்புவதில்தான் பாதிப் பிரச்சினை.

ஒன்று பழைய கடின அரக்கு. அலுவலகப் பொதிகளுக்கும் துணிப்பைகளுக்கும் வைக்கிற, கண்ணாடிபோல் மினுங்கும் சிவப்புக் குச்சி. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசினைச் சுத்திகரித்தெடுத்த ஷெல்லாக், அதோடு பைன் மரப் பிசின், சுண்ணத்தூள், நிறம். மலிவான குச்சிகளில் ஷெல்லாக் குறைந்து பைன் பிசினும் சுண்ணமும் கூடும். அவை மங்கலாக இருக்கும், இன்னும் வேகமாக உடையும். இந்த இனத்தின் சிறப்பு, அச்சிலுள்ள மயிரிழைக் கோட்டையும் வாங்கிக்கொள்ளும் கூர்மை. குறை, வளைத்தால் சடக்கென்று முறிவது. அது முறிய வேண்டும் என்றே செய்யப்பட்டது: யாராவது திறந்து பார்த்தால் மறைக்க முடியாமல் உடைந்து காட்டிக்கொடுக்க வேண்டும். கையோடு கொண்டுபோய்க் கொடுக்கிற கடிதத்துக்கு இதைவிட அழகானது இல்லை. தபாலுக்கு இது வேண்டாம்.

மற்றது வளையும் அரக்கு. செயற்கைப் பிசின்கள் சேர்ந்தது, சூட்டுப் பசைத் துப்பாக்கியில் போடும் பசைக்குச்சிக்கு உறவு. 11 மி.மீ. அல்லது 7 மி.மீ. விட்டமுள்ள குச்சியாகவும், கரண்டியில் இட்டு உருக்கும் சிறு மணிகளாகவும் வரும். ஆறிய முத்திரையை இரண்டு விரலால் மடக்கினால் வளைந்து கொடுக்கும். தபாலில் போகும் எல்லாவற்றுக்கும் இதுதான்.

நடுவில் திரி வைத்து, மெழுகுதிரிபோல் கொளுத்திச் சொட்டவிடும் குச்சிகளும் உண்டு. படத்தில் அழகாக இருக்கும். திரி எரியும்போது கரி சேர்ந்து விழும். சிவப்பில் ஓரளவு மறையும், வெள்ளையிலும் பொன்னிறத்திலும் அழுக்குத் தண்ணீர் தெளித்த மாதிரித் தெரியும். மின்விசிறிக் காற்றில் சுடர் ஆடினால் கரி இரட்டிப்பாகும். தவிர்ப்பது நல்லது.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் வாங்கியதைச் சோதித்துப் பாருங்கள். கேக் தட்டில் விரிக்கும் ஒயில் பேப்பரில் இரண்டு முத்திரை வையுங்கள். ஆறியதும் ஒன்றை ஓரிரவு பிரீசரில் விடுங்கள். வீட்டுப் பிரீசர் சாதாரணமாக −18 பாகை. ரொறன்ரோவில் ஜனவரி இரவில் தெருவோரத் தபால் பெட்டிக்குள் இருக்கக்கூடிய குளிரும் ஏறக்குறைய அதுதான். காலையில் எடுத்த உடனே மடக்கிப் பாருங்கள், பிறகு மேசையிலிருந்து சீமெந்துத் தரையில் போடுங்கள். உடையாவிட்டால் கனடா போகும். மற்றதை இரண்டு வெறும் உறைகளுக்கிடையே வைத்து, நண்பகல் வெயிலில் நிற்கும் மூடிய காரின் முன் கண்ணாடியடியில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். அங்கே 60 பாகை தாண்டும். முத்திரையின் உருவம் சப்பையாகிவிட்டால் அல்லது மேலுறையில் ஒட்டிவிட்டால், வெயிலில் சுடும் இரும்புத் தபால் பெட்டியையும் தபால் வாகனத்தையும் அது தாங்காது. குளிரில் வளையும்படி மிக மென்மையாகச் செய்த அரக்கு சூட்டில் தோற்கும். சூட்டில் நிற்பது குளிரில் உடையலாம். இரண்டையும் தாங்கும் ஒன்றைக் கண்டுபிடித்தால் நிறம் பார்க்காமல் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தயாரிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பழைய செய்முறைகளில் பெயர்போன ஒன்று ஷெல்லாக் நான்கு பங்கு, வெனிஸ் டர்பன்டைன் ஒரு பங்கு, இங்குலிகம் மூன்று பங்கு. இதில் இரண்டு ஆபத்துகள். இங்குலிகம் என்ற சிவப்பு நிறப்பொடி பாதரசச் சேர்மம். அதை வீட்டில் சூடாக்கவே கூடாது. பழைய பெட்டகத்தில் பாட்டன் காலத்துச் சிவப்புக் குச்சி கிடைத்தால் அதையும் உருக்காமல் அப்படியே வைத்துவிடுங்கள். அடுத்தது, வெனிஸ் டர்பன்டைன் என்பது லார்ச் மரத்திலிருந்து வடியும் கெட்டிப் பிசின். ஹாட்வெயார் கடையில் பெயின்ற் கரைக்க விற்கும் டர்பன்டைன் வேறு; அது எளிதில் பற்றிக்கொள்ளும் திரவம், அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். பாண்டவரைக் கொளுத்த அரக்கு மாளிகையைத்தான் கட்டினார்கள் என்பதை நினைத்துக்கொண்டு, இந்த வேலையைத் தொழிற்சாலைக்கு விட்டுவிடலாம்.

இனி அச்சு. பித்தளைதான் வேண்டும். சூட்டை வேகமாக உறிஞ்சும், எடையும் இருக்கும். பிளாஸ்டிக், ரப்பர், மரத்தில் வெட்டிய அச்சுகள் சூட்டை வாங்காமல் அரக்கைப் பிடித்துக்கொள்ளும். கடிதத்துக்கு 20 முதல் 25 மி.மீ. விட்டம் போதும், 30க்கு மேலே போனால் உறை மடியும்போது முத்திரையின் ஓரம் கிளம்பிவிடும்.

பெயரெழுத்தைப் பொறிப்பித்தால் தமிழ் எழுத்துக்குச் சில கவனங்கள் வேண்டும். எழுத்து அச்சில் கண்ணாடி பிம்பமாக இருக்க வேண்டும். ‘ம’, ‘ப’, ‘ட’ போன்றவற்றில் பிழை உடனே தெரியாது. முத்திரை விழுந்த பிறகுதான் வயிறெரியும். ஆகவே வரைபடத்தை ஒரு கண்ணாடியில் காட்டிச் சரிபார்த்த பிறகே பொறிக்கக் கொடுங்கள். கோட்டின் தடிப்பு அரை மி.மீட்டருக்குக் குறையக்கூடாது, ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் வெளியும் அப்படியே. ஒடுங்கிய சுழிக்குள் அரக்கு ஏறாது, ஏறினாலும் திரும்பி வராது. புள்ளி வைத்த எழுத்தானால் புள்ளியைக் கோட்டைவிடச் சற்றுப் பெரிதாகப் பொறிக்கச் சொல்லுங்கள். 25 மி.மீ. வட்டத்தில் இரண்டெழுத்துக்கு மேல் வேண்டாம். ‘கௌ’ போன்ற அகல எழுத்தானால் ஒன்றே போதும். பொறிப்பின் ஆழம் ஏறக்குறைய ஒரு மி.மீ.; சுவர் நேராக இறங்காமல் உள்நோக்கிச் சற்றுச் சரிந்திருந்தால் அரக்கு தடையின்றிக் கழலும். கணினி இயந்திரத்தில் பொறிப்பவர்களிடம் இதைச் சொன்னால் புரியும். புறக்கோட்டை செட்டியார் தெருப் பக்கம் நகைக்குக் கையால் பெயர் வெட்டுகிறவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். நகையை அசையாமல் பிடிக்க அரக்கில் பதித்து வேலை செய்வது அவர்கள் தொழிலில் உள்ளதுதான். அரக்கு எதில் ஒட்டும், எதில் ஒட்டாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நகைப் பொறிப்பு மேலோட்டமான கீறல். ஆழம் வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்லுங்கள்.

எவ்வளவு அரக்கு என்பதைக் கணக்காகவே சொல்லலாம். 25 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும் உள்ள முத்திரைக்கு ஒரு கன சென்ரிமீற்றர் வேண்டும். வளையும் அரக்கில் அது ஏறக்குறைய ஒரு கிராம். சுண்ணம் சேர்ந்த கடின அரக்கு எடை கூடியது, ஒன்றரைக் கிராம்வரை போகும். 11 மி.மீ. தடிப்பும் 10 செ.மீ. நீளமும் உள்ள குச்சியில் ஒன்பதரைக் கன சென்ரிமீற்றர் இருக்கிறது, ஆகவே ஒன்பது முத்திரை. அதே நீளத்து 7 மி.மீ. குச்சியில் நான்கைக்கூட எட்டாது. விலையை ஒப்பிடும்போது குச்சியை எண்ணாமல் இதைப் பாருங்கள். மணிகள் கம்பனிக்கொரு அளவு. பத்து மணியை நிறுத்துப் பார்த்து ஒரு கிராமுக்கு எத்தனை என்று ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு எண்ணிப் போட்டால் போதும். அளவு குறைந்தால் ஓரம் கிழிந்த வட்டமாகும், கூடினால் அச்சின் பக்கச் சுவரில் ஏறிப் பிடிக்கும். பிடித்த அரக்கு அச்சை விடாது.

உறை 100 கிராம் தாளுக்கு (ஒரு சதுர மீற்றர் தாளின் எடை) குறையாமல் இருக்கட்டும். மெல்லிய 80 கிராம் உறை சூட்டில் சுருங்கும், ஆறியதும் முத்திரையைச் சுற்றி நட்சத்திரமாகச் சுருக்கம் விழும். பளபளப்புப் பூச்சுள்ள தாளில் அரக்கு பிடிக்காது. விளிம்பில் பசை தடவி விற்கும் உறைகள் கொழும்பு ஈரப்பதனில் பெட்டிக்குள்ளேயே தாமாக ஒட்டிக்கொள்ளும். வாங்கியதும் ஒவ்வொன்றின் மடிப்புக்குள்ளும் ஒரு துண்டு ஒயில் பேப்பர் செருகி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும்.

உறையை மூடுவது பசையின் வேலை, முத்திரையின் வேலையல்ல. உறை என்ற ஒன்று வழக்கமாகும் முன்பு, எழுதிய தாளையே மடித்து, ஒரு முனையை மறு மடிப்புக்குள் செருகி, அதன்மேல் அரக்கு வைத்தார்கள். பிரித்தானியாவில் 1840க்கு முன் தபால் கட்டணம் தாள் எண்ணிக்கைப்படியும் தூரப்படியும் இருந்ததால் உறையும் ஒரு தாளாகக் கணக்கில் ஏறியது. 1840இல் ஒரே சீரான ஒரு பென்னிக் கட்டணம் வந்த பிறகு உறை பரவியது, பசை தடவிய மடிப்பும் வந்தது, கடிதத்தில் அரக்குக்கு வேலை குறைந்தது. இலங்கையில் முதல் தபால் முத்திரைத் தலை வெளிவந்தது 1857இல். அந்தப் பழைய மடிப்பு முறையில் ஒருவருக்குக் கையோடு கொடுக்க ஆசையென்றால் கடின அரக்கும் தடித்த தாளும் எடுங்கள். அங்கே அரக்கு உண்மையாகவே பூட்டாக நிற்கும். மற்றபடி, உறையைப் பசையால் முழுதாக ஒட்டிக் காயவிட்ட பிறகே அரக்கில் கை வையுங்கள். முத்திரை கழன்று விழுந்தாலும் கடிதம் மூடியபடி போக வேண்டும்.

இடம் கேட்டால் மடிப்பின் கூர்முனை. தாளில் பென்சிலால் சிறு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே புகைப்படம் இருந்தால் அது முத்திரைக்கு நேர்கீழே வராதபடி தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் சூடு படத்தின் பூச்சை ஒட்டவைக்கும்.

உருக்குவதற்குக் கரண்டி, அல்லது சூட்டுப் பசைத் துப்பாக்கி. இரண்டு மூன்று கடிதத்துக்குக் கரண்டி நல்லது. மின்விசிறியை நிறுத்துங்கள்; வியர்க்கும், பரவாயில்லை, நெற்றி வியர்வை உறையில் விழாமல் ஒரு துவாய் பக்கத்தில் இருக்கட்டும். கரண்டியைச் சிறு மெழுகுதிரிச் சுடரின் நுனிக்கு மேலே ஒரு சென்ரிமீற்றர் உயர்த்திப் பிடியுங்கள். சுடருக்குள்ளே விட்டால் அடியில் கரி படியும், அது ஊற்றும்போது சொட்டோடு வரும். ஒரு கிராம் இரண்டு மூன்று நிமிடத்தில் இளகும். கட்டியில்லாமல் தேன்போல் ஓடினால் எடுத்துவிட வேண்டும். குமிழி வந்தால் சூடு கூடிவிட்டது. ஓரமாக வைத்து அடங்கவிடுங்கள். ஷெல்லாக் உள்ள அரக்கைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவிட்டால் பிசின் ரப்பர்போல் திரண்டு இனி உருகவே உருகாத நிலைக்குப் போய்விடும். மிஞ்சியதைச் சேர்த்துச் சேர்த்துக் கரண்டியில் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் நடக்கிறது.

துப்பாக்கியானால் குறைந்த வெப்ப வகை எடுங்கள். சாதாரண உயர்வெப்பத் துப்பாக்கியில் அரக்கு தண்ணீராக ஓடி வாயிலிருந்து தானாகச் சொட்டும், உறையும் வெந்து சுருளும். முன்பு வெள்ளைப் பசைக்குப் பயன்படுத்திய துப்பாக்கியை இதற்கு எடுக்காதீர்கள். முதல் ஐந்தாறு முத்திரையில் பால் கலந்த மாதிரிக் கோடு ஓடும்.

ஊற்றும்போது வட்டத்தின் நடுவில் தொடங்கி வெளியே சுற்றிக்கொண்டு வாருங்கள், விட்டம் 20 மி.மீ. ஆனதும் நிறுத்துங்கள். அழுத்தும்போது மீதி தானாகப் பரவும். உடனே அச்சை வைக்கக்கூடாது. பளபளப்பு சற்று அடங்கி, விளிம்பு நடுவைவிடத் தடித்து வரும்வரை பொறுக்க வேண்டும். குளிர்நாட்டுக் காணொளியில் ஐந்து வினாடி என்பார்கள். இங்கே கரண்டி முறையில் பத்துப் பதினைந்து, துப்பாக்கியில் இருபது வினாடி. பிறகு அச்சை நேராக இறக்கி, அதன் எடையோடு விரல் பாரம் மட்டும் கொடுங்கள். இறுக்கி அமுக்கினால் நடுப்பகுதி தாள்வரை மெலிந்து, எழுத்து நிற்கும் தரையே இல்லாமல் போகும். கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா விடுங்கள். அச்சைப் பக்கவாட்டில் இலேசாக அசைத்தால் தானாகக் கழல வேண்டும். கழலாவிட்டால் இன்னும் சூடு இருக்கிறது. இழுக்காதீர்கள்.

கேள்வியின் இரண்டாவது முறைப்பாடு இந்த இடத்துக்கு உரியது. அரக்கு பித்தளையில் ஒட்டுவது பித்தளை சூடேறியதால்தான். முதல் முத்திரை சுத்தமாக வரும், இரண்டாவது தயங்கும், மூன்றாவதில் பிடித்துக்கொள்ளும். ஐஸ் கட்டியில் அச்சை வை என்று எல்லாரும் சொல்வார்கள். 30 பாகை, 75 வீத ஈரப்பதன் உள்ள அறையில் 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்த உலோகமும் வியர்க்கும். ஐஸில் இருந்து எடுத்த அச்சு இரண்டு வினாடியில் முத்துமுத்தாக நனைந்துவிடும். அந்தத் துளிகள் சூடான அரக்கில் பட்டதும் ஆவியாகி முத்திரையின் முகமெங்கும் அம்மைத் தழும்பு போலக் குழி போடும். எழுத்தின் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் எழுத்தே விழாது. மெல்லிய ஈரப் படலம் நல்லது, அரக்கு ஒட்டாமல் தடுக்கும். பழங்காலத்தில் அச்சில் வாயால் ஊதி ஆவி பிடிக்கவிட்டுப் பதித்ததும் அதற்குத்தான். துளி மட்டும் ஆகாது.

வழி இரண்டு. ஐஸைப் பாவித்தே ஆகவேண்டுமென்றால் ஐஸ் பொதியை மடித்த துணியில் சுற்றி அதன்மேல் அச்சை வைத்து, பதிக்கும் முன் உலர்ந்த பருத்தித் துணியில் அச்சின் முகத்தை ஒற்றியெடுங்கள்; தேய்த்தால் நூல் சிக்கும். இதைவிட எளிது தோசைக்கல். அடுப்பில் ஏற்றாத, எண்ணெய் துடைத்த, கனமான இரும்புத் தோசைக்கல்லில் அச்சின் முகத்தைக் கவிழ்த்து வைத்தால் இரண்டு கிலோ இரும்பு சூட்டை உறிஞ்சிவிடும். அறை வெப்பத்துக்குக் கீழே போகாததால் வியர்க்காது. ஒரே பொறிப்பில் இரண்டு அச்சு இருந்தால் ஒன்று கல்லில், ஒன்று வேலையில். கூடுதல் பாதுகாப்புக்குப் பஞ்சில் தொட்ட தேங்காயெண்ணெயை அச்சின் முகத்தில் பூசி, உலர்ந்த துணியால் முழுதாகத் துடைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு எண்ணெய் இருந்தால் அது உறைக்கு இறங்கும்.

பிடித்தே விட்டதென்றால் உறையோடு சேர்த்து பிரீசரில் ஐந்து நிமிடம். பித்தளையும் அரக்கும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் விட்டுவிடும். வெளியே எடுத்ததும் வியர்க்கும் முன் பிரித்துவிட வேண்டும்.

ஒல்லாந்தர் காலத்து ஆவணங்களில் காணக்கூடிய இன்னொரு முறை நம் வெக்கைக்கு மிகவும் பொருந்தும்: தாள் போர்த்திய முத்திரை. 1656 முதல் 1796 வரை கொழும்பில் இருந்த ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்களைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் காத்து வருகிறது. அந்தக் காலத்து எழுத்தர்கள் ஒட்டும் பொருளின் மேல் ஒரு மெல்லிய தாள் துண்டை வைத்து, அதற்கு மேலே அச்சைப் பதிப்பதுண்டு. உருவம் தாளில் புடைத்து நிற்கும். இதை அரக்கோடும் செய்யலாம். பட்டம் கட்டும் மெல்லிய தாளில் 30 மி.மீ. சதுரம் வெட்டி, அரக்கு ஊற்றியவுடன் மேலே போட்டு, அச்சைச் சாதாரணத்தைவிடச் சற்று முன்னதாகவும் சற்றுப் பலமாகவும் பதியுங்கள். பித்தளை அரக்கைத் தொடுவதே இல்லை, ஆகவே ஒட்டாது. தபால் பையில் இரண்டு கடிதம் முகத்துக்கு முகம் அமுங்கிக் கிடந்தாலும் ஒட்டாது. உடைந்தாலும் தாள் துண்டுகளைப் பிடித்து வைத்திருக்கும். குறை, நுணுக்கமான பூ வேலை மங்கிவிடும். தடித்த ஓரெழுத்து அச்சுக்கு மட்டும் பொருந்தும். சிவப்பு அரக்கின்மேல் வெள்ளைத் தாள் இளஞ்சிவப்பாகத் தெரிவதும் ஓர் அழகுதான்.

இனி தபால். கொழும்பில் போட்டுக் கொழும்பில் சேரும் கடிதத்துக்கும் ஒரு கண்டம் இருக்கிறது: தபாலகத்துத் திகதி முத்திரை. முன்பக்க வலது மேல்மூலையில் முத்திரைத் தலையின்மேல் அது ஓங்கி விழும். குறுகிய பக்கத்தில் மடிப்புள்ள நீண்ட அலுவலக உறையானால் உங்கள் அரக்கு சரியாக அதன் அடியில் வந்து நிற்கக்கூடும். ஆகவே நீளப் பக்கத்தில் முக்கோண மடிப்புள்ள உறை எடுங்கள், அரக்கு நடுவில் வரும். பதிவுத் தபாலானால் பின்பக்கத்திலும் குத்த வாய்ப்பு உண்டு. கவுண்டரில் கொடுக்கும்போதே அரக்கு இருப்பதைக் காட்டிவிடுவது நல்லது.

வெளிநாட்டுக்கு நிலைமை வேறு. கனடாவிலும் பிரித்தானியாவிலும் கடிதங்கள் பட்டிகளுக்கும் உருளைகளுக்கும் இடையே வளைந்து ஓடும் இயந்திரத்தில் பிரிக்கப்படுகின்றன. இரு நாட்டிலும் சாதாரணக் கடிதத்தின் தடிப்பு எல்லை 5 மி.மீ. அந்த எல்லைக்குள் நின்றாலும் நடுவில் மட்டும் துருத்தும் கட்டி உருளையில் முதல் அடி வாங்கும். ரொறன்ரோ போன முத்திரை நொறுங்கியதற்குக் காரணம் கடின அரக்கு, குளிர், உருளை மூன்றும் சேர்ந்ததாகத்தான் இருக்கும். அரக்கு வைத்த உறையை அப்படியே இன்னொரு வெற்று உறைக்குள் போட்டு அனுப்புங்கள். முத்திரையின்மேல் ஒயில் பேப்பர் துண்டு ஒன்று. அதைச் சுற்றி, முத்திரையின் அளவுக்குத் துளையிட்ட மெல்லிய காட்போட் ஒன்று. தடிப்பு சமமாகும், அடி காட்போட்டில் விழும். முகவரியும் முத்திரைத் தலையும் வெளியுறையில். பெறுகிறவர் வெளியுறையைக் கிழித்த பிறகுதான் அரக்கைக் காண்பார் என்பது குறையல்ல, புழுதியும் கீறலும் இல்லாமல் காண்பார்.

கலியாண அழைப்பிதழுக்கு நூற்றுக்கணக்கில் வைப்பவர்கள் உறையில் நேரே ஊற்ற வேண்டாம். சிலிக்கன் பாயிலோ ஒயில் பேப்பரிலோ முத்திரைகளைத் தனியே செய்து, நல்லதைப் பொறுக்கி, இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். பிழையானதை மறுபடி உருக்கலாம், அழைப்பிதழ் ஒன்றும் பாழாகாது. 300 அழைப்பிதழுக்கு 300 கிராம், சேதாரத்துக்கு இன்னொரு 45 கிராம். ஒரு முத்திரைக்கு இரண்டு நிமிடம் என்றால் ஓர் அச்சோடு பத்து மணித்தியாலம்; இரண்டு அச்சும் தோசைக்கல்லும் இருந்தால் ஏறக்குறைய பாதி. கடையில் விற்கும் பசைப் பொட்டுகள் இந்தச் சூட்டில் மெல்ல நழுவும், செங்குத்தாக அடுக்கிய அட்டைகளில் முத்திரை ஒரு விரற்கடை கீழே இறங்கியிருக்கும். மெல்லிய நாடாவே மேல். மல்லிகை இதழ், அறுகம்புல் என்று உயிர்ப்பானதை அரக்கில் பதிக்கும் ஆசையை விடுங்கள். அதிலுள்ள நீர் ஆவியாகிக் குமிழ் போடும், இரண்டு நாளில் கறுக்கும். நன்றாக உலர்த்திய இதழ் சரி. கறுப்பு அரக்கு ஐரோப்பாவில் துக்கக் கடிதத்துக்குரியது. நம்மவர்களும் கலியாண உறையில் கறுப்பைக் கண்டால் முகம் சுளிப்பார்கள்.

வேலை முடிந்ததும் அச்சைப் பாருங்கள். பள்ளத்தில் நின்றது கடின அரக்கானால் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் முகம் மட்டும் மூழ்க ஒரு மணித்தியாலம் விட்டுப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். ஷெல்லாக்கும் பைன் பிசினும் அதில் கரையும். பக்கத்தில் சுடர் எதுவும் எரியக்கூடாது. வளையும் அரக்கு ஸ்பிரிட்டுக்கு அசையாது. தலைமுடி உலர்த்தியால் அச்சைச் சூடாக்கி, அரக்கு இளகியதும் பல்குத்தும் குச்சியால் கிளப்பி, மீதியைப் பருத்தித் துணியில் ஒற்றியெடுங்கள். ஊசியும் கத்தியும் பித்தளையைக் கீறும், அந்தக் கீறல் ஒவ்வொரு முத்திரையிலும் விழும். மரப்பிடி போட்ட அச்சைக் கொதிநீரில் இடாதீர்கள், பிடி வெடிக்கும். பெரும்பாலானவற்றில் பித்தளைத் தலை திருகாணியில்தான் நிற்கிறது, கழற்றிவிட்டு வேலை செய்யலாம்.